கொள்ளையன் என்றவர் யார்?

பிறர் கடலிலே பீரங்கியோடு நுழைந்தால் அதற்குப் பெயர் வாணிபம். அதைத் தடுத்து நின்றால் அதற்குப் பெயர் கொள்ளை! ஆதிக்கக்காரரின் அகராதி இது.

அந்த அகராதியிலே ‘கடற்கொள்ளையன்’ என்று பொறிக்கப்பட்டவர் குஞ்ஞாலி மரைக்கார். கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்கள் தாங்கிய பட்டம் அது, தாங்கினோர் நால்வர். மரைக்கார் என்ற சொல்லிலே நம் மரக்கலம் ஒலிக்கிறது என்பர்.

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் எங்கள் கோவைக்கு அண்மையது அக்கடற்கரை. ஆயினும், “வாஸ்கோடகாமா யார்?” என்று வகுப்பிலே கேட்டேன், கைகள் காடாய் எழுந்தன. “குஞ்ஞாலி யார்?” என்றேன், ஒரு கையும் எழவில்லை!

சொன்னேன். 1502இல், மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளைப் பெண்டு பிள்ளைகளோடு கப்பலிலேயே கொளுத்தினான் காமா. அவன் வழிவந்தோர், தம் அனுமதிச் சீட்டு இல்லாத கலங்களைப் பறித்தனர். கடலுக்குப் பட்டா எழுதிக் கொடுத்தவர் யார்? அந்தக் கேள்வியைத்தான் குஞ்ஞாலிகள் படகுகளால் கேட்டனர்.

நான்காம் குஞ்ஞாலி வலிமை பெற்றார். மன்னருக்குப் பொறாமை பிறந்தது. பகைவனோடு கைகோத்தார் சாமூதிரி. 1599இல் போர்த்துகீசியர் கோட்டையைத் தாக்கித் தோற்றனர். 1600 மார்ச்சில், முற்றுகையால் நலிந்த குஞ்ஞாலி, உயிருக்கு உறுதி பெற்று மன்னரிடம் வாளை ஒப்படைத்தார். அக்கணமே பறங்கியர் அவரைப் பற்றினர். கோவாவிலே தலை கொய்யப்பட்டது, உடல் கூறாக்கப்பட்டது, தலை உப்பிடப்பட்டுக் கண்ணனூரிலே காட்சிப் பொருளாயிற்று!

ஒரு மாணவன் எழுந்தான்: “ஐயா, அவர் கொள்ளையடிக்கவே இல்லையா?”

நல்ல கேள்வி! அடித்தார், பகைவர் கலங்களைப் பறித்தார். அதை மறைத்துப் புதிய தெய்வம் படைப்பது நம் வேலையன்று. ஆனால் ஸ்பானியக் கப்பல்களைச் சூறையாடிய டிரேக்குக்கு 1581இல் இங்கிலாந்து ‘சர்’ பட்டம் சூட்டியதே! செயல் ஒன்று, பெயர் இரண்டு. அங்கே பட்டம், இங்கே கொலைவாள்!

சங்ககிரியிலே 1805இல் தூக்கிலிடப்பட்ட நம் தீரன் சின்னமலையும் ஆங்கிலேயருக்குக் கலகக்காரர்தானே?

இன்று மும்பையிலுள்ள இந்தியக் கடற்படைத் தளமொன்று குஞ்ஞாலியின் பெயரைத் தாங்குகிறது. மகிழ்ச்சி. ஆனால், பெயர்ப்பலகை மாறினால் போதாது, தோழர்களே! ஏட்டைப் படிக்கும் கண் மாறவேண்டும். ‘கொள்ளையன்’ என்றாலும் ‘வீரன்’ என்றாலும், சொன்னவன் யார், அவனுக்கு அதனால் என்ன ஆதாயம் என்று கேளுங்கள். கேட்கத் துணிந்தவனை எந்தப் பறங்கியும் ஏமாற்ற முடியாது. எந்த மன்னனும் காட்டிக்கொடுக்க முடியாது!