வோபான் எழுதிய கடிதம்

புதுச்சேரிக்காரர்களுக்கு 'புல்வார்' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பழைய ஊரைச் சுற்றி ஓடும் சாலை, அதற்குள் இருப்பது புல்வார் டவுன். ஆனால் அந்தச் சொல் வந்த வழி பலருக்குத் தெரியாது. கோட்டையின் காப்பு மேட்டுக்குப் பழைய டச்சு மொழியில் 'போல்வெர்க்' என்று பெயர். அதுதான் பிரெஞ்சுக்காரர் வாயில் புல்வார் ஆயிற்று. மதிலை இடித்த இடத்தில் அகலமாகச் சாலை போட்டார்கள், மதிலின் பெயர் சாலைக்கு ஒட்டிக்கொண்டது. பாரிசிலும் அப்படித்தான், நம் ஊரிலும் அப்படித்தான்.

மதில் என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிற ஆள் வோபான். பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும். வரலாற்றுப் புத்தகத்தில் நட்சத்திரம் போல ஒரு கோட்டைப் படம், அதற்குக் கீழே பதினான்காம் லூயியின் பொறியாளர் என்று இரண்டு வரி. பரீட்சைக்கு அது போதும். டெண்டர் ஃபைல்களோடு முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டி, ஓய்வு பெற்று, சாவகாசமாகப் படித்தபோதுதான் அந்த மனிதர் எனக்குப் புரிந்தார். அவர் கட்டிய கோட்டைகளைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எனக்குப் பிடித்தது அவருடைய கணக்கு.

முதலில் கோட்டை ஏன் நட்சத்திரம் ஆயிற்று என்று பார்த்துவிடுவோம். 1494-இல் எட்டாம் சார்லஸ் என்ற பிரெஞ்சு அரசன் இத்தாலிக்குள் படையெடுத்துப் போனான். அவனிடம் வெண்கலப் பீரங்கிகளும் இரும்புக் குண்டுகளும் இருந்தன. ஏணி வைத்து ஏறுகிறவனைத் தடுப்பதற்காக வானளாவக் கட்டிய மதில்கள் பீரங்கிக்கு நல்ல இலக்காகிப் போயின. உயரமாக இருந்ததுதான் பலம் என்றிருந்தது, அதுவே பலவீனம் ஆயிற்று. அதனால் இத்தாலியப் பொறியாளர்கள் மதிலைத் தாழ்த்தி, தடிமனாக்கி, உள்ளே மண்ணை நிரப்பினார்கள். கல் உடையும், மண் குண்டை விழுங்கிக்கொள்ளும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வட்டமான கோபுரத்தின் அடிவாரத்தில், பக்கத்துக் கோபுரத்திலிருந்து சுட்டாலும் குண்டு எட்டாத ஒரு மூலை கிடைக்கும். பகைவன் அங்கே ஒண்டிக்கொண்டு அஸ்திவாரத்தைத் தோண்டலாம். கோபுரத்துக்குப் பதில் அம்பு முனை போல முக்கோணமாகக் கொத்தளம் அமைத்தால் அந்த மூலை இல்லாமல் போய்விடும். ஒவ்வொரு கொத்தளத்தின் பக்கச் சுவரிலிருந்தும் அடுத்த கொத்தளத்தின் முகத்தைத் துடைத்தாற்போல் சுடலாம். மேலே இருந்து பார்த்தால் நட்சத்திரம். அழகுக்காக யாரும் அப்படிக் கட்டவில்லை.

வோபான் 1633-இல் பர்கண்டிப் பகுதியில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தார். பெரிய குடும்பம் இல்லை. வாலிபத்தில் அரசனுக்கு எதிராகக் கலகம் செய்த கோந்தே இளவரசரின் படையில் சேர்ந்தார். 1653-இல் பிடிபட்டார். கர்தினால் மசாரன் அவரைத் தண்டிக்காமல் அரசன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிரான்சுக்கு அதைவிட லாபமான கைது வேறொன்று இருந்திருக்காது. 1678-இல் நாட்டின் கோட்டைகள் அனைத்துக்கும் தலைமை அதிகாரி. 1703-இல் மார்ஷல். 150-க்கு மேற்பட்ட கோட்டைகளில் அவர் கை பட்டிருக்கிறது, ஏறக்குறைய 50 முற்றுகைகளை நடத்தியிருக்கிறார். சதா பயணம். முன்னும் பின்னும் கோவேறு கழுதைகள் சுமக்கும் ஒரு மூடு பல்லக்கில் உட்கார்ந்து வழியெல்லாம் எழுதிக்கொண்டே போவார். ஊர் ஊராகக் கேம்ப் போய்வந்தவர்களுக்கு அது எவ்வளவு வசதி என்று புரியும்.

முற்றுகையை அவர் ஒரு கால அட்டவணை ஆக்கினார். கோட்டைப் பீரங்கியின் வீச்சுக்கு எட்டாத தொலைவில், கோட்டைக்கு எதிரே இணையாக ஒரு நீண்ட பள்ளம். அதிலிருந்து வளைந்து வளைந்து முன்னேறும் சிறு பள்ளங்கள். நேராகத் தோண்டினால் ஒரே குண்டு பள்ளம் முழுவதையும் பெருக்கிவிடும், அதனால்தான் வளைவு. பிறகு இரண்டாவது இணைப் பள்ளம், கடைசியில் அகழியின் வெளிச்சரிவுக்கு அடியில் மூன்றாவது. தோண்டுகிறவர்களுக்கு முன்னால் மண் நிரப்பிய கூடைகள் மறைப்பாக நிற்கும். கோட்டையை நெருங்க நெருங்க ஆபத்து கூடும், கூலியும் கூடும். அந்த விகிதத்தையும் அவர் எழுதி வைத்தார். இத்தனை கொத்தளம் உள்ள கோட்டைக்கு இத்தனை ஆள், இத்தனை வெடிமருந்து, இத்தனை தானியம் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. நல்ல கோட்டை ஒன்று விழுவதற்கு அவர் போட்ட கணக்கு 48 நாள். நம் கணக்கில் ஒரு மண்டலம்!

இந்த முறையை முழுதாகக் கையாண்டது 1673-இல், மாஸ்டிரிக்ட் நகரில். அரசனே பாசறையில் இருந்தான். பள்ளம் தோண்டத் தொடங்கி பதின்மூன்று நாளில் ஊர் சரணடைந்தது. ஆனால் அங்கேயும் பொறுமையில்லாமல் பாய்ந்தவர்கள் உண்டு. அப்படிப் பாய்ந்த ஒரு தாக்குதலில் செத்தவர்தான் தார்த்தாஞான். ஆம், மூன்று துப்பாக்கி வீரர்கள் கதையில் வருகிறவருக்கு மூலமான உண்மையான தார்த்தாஞான். வோபானுக்கு இந்த மாதிரி வீரம் பிடிக்காது. வெடிமருந்து கூடுதலாகச் செலவாகட்டும், ரத்தம் குறையட்டும் என்பது அவர் கட்சி. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

படை என்றால் சண்டை மட்டுமா? சம்பளப் பட்டியலும் இருக்கிறதே. அந்தக் காலத்தில் ஒரு கம்பெனி என்பது அதன் கேப்டனின் சொத்து மாதிரி. தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் அவனிடம் பணம் கொடுக்கும். ஆகவே பார்வையிட அதிகாரி வருகிற நாளில் எங்கிருந்தோ நாலு பேரைப் பிடித்துவந்து, உடுப்பு மாட்டி வரிசையில் நிறுத்திவிடுவான். அதிகாரி போனதும் அவர்களும் போய்விடுவார்கள், சம்பளம் மட்டும் கேப்டனிடம் தங்கிவிடும். பிரெஞ்சில் இவர்களுக்கு 'பாஸ்-வொலான்' என்று பெயர். பிடிபட்டால் முதலில் சவுக்கடி, பின்னாளில் மூக்கையே அறுத்தார்கள். மஸ்டர் ரோலில் ஆவிகளுக்குக் கூலி போன கதைகள் கேட்டவர்கள் நம்மில் உண்டு. மூக்கு அறுபட்டது வாடகைக்கு வந்து நின்றவனுக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். போர் மந்திரி லுவுவா இதை ஒடுக்கப் பெரும் பாடுபட்டார்.

அந்த லுவுவாவுக்குத்தான் 1683 ஜூலையில், பெல்-ஈல் என்ற தீவிலிருந்து, வோபான் ஒரு கடிதம் எழுதினார். அரசனின் கட்டுமான வேலைகள் பல வருடங்களாக அரைகுறையாகக் கிடக்கின்றன, ஏன் என்று அதில் விளக்குகிறார். வேலையை ஏலம் விட்டு, ஒப்புக்கொண்ட விலையைக் குறைத்து, போட்ட ஒப்பந்தத்தை உடைத்து, மறுபடி ஏலம் விடுகிறீர்கள். இப்படிச் செய்தால் எதில் கை வைப்பது என்று தெரியாத அப்பாவிகளும் அயோக்கியர்களும்தான் வேலை எடுக்க வருவார்கள், தொழில் தெரிந்தவன் ஒதுங்கிவிடுவான். விலை குறைத்து எடுத்தவன் நஷ்டத்தில் மூழ்குகிறவனைப் போல் கண்டதையெல்லாம் பற்றுவான். கொத்தனுக்குக் கூலி கொடுக்க மாட்டான், மட்டமான சாமான் போடுவான். ஆகவே நியாயமான விலையைக் கொடுங்கள், கடமையைச் செய்கிற ஒப்பந்தக்காரனுக்கு உரிய லாபத்தைக் கண்டு பொறாமைப்படாதீர்கள், அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மலிவான பேரம். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

முதல் தடவை இதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். நான் வேலை செய்த அலுவலகம் எது என்பது இங்கே வேண்டாம். சிவப்பு நாடா கட்டின டெண்டர் கவர்களைப் பிரித்து, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, 'குறைந்த விலை' என்று அடிக்கோடிட்டு மேலே அனுப்புவது என் மேசை. மதிப்பீட்டுக்கு முப்பது சதவீதம் குறைத்து ஒருவர் ஒரு சிறு பாலத்தை எடுத்தார். எடுத்தவர் ஜல்லி இறக்கியதோடு காணாமல் போனார். மறு டெண்டர், மறுபடி மறு டெண்டர். மூன்று மழைக்காலம் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள். கடைசியில் ஆன செலவு முதல் மதிப்பீட்டைத் தாண்டியது. விதிப்படி யாரிடமும் பிழையில்லை, ஃபைலில் எல்லாக் கையெழுத்தும் சரியாக இருந்தது. அந்த ஃபைலுக்குள் வோபான் கடிதத்தின் நகல் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் சொன்னபடி கட்டினால் எப்படி நிற்கும் என்பதற்கு லீல் நகரம் சாட்சி. சிமோன் வொலான் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞரை நம்பி அவர் எழுப்பிய கோட்டை அது. 1708-இல் மார்ல்பரோவும் இளவரசர் யூஜினும் பெரும் படையோடு வந்து முற்றுகையிட்டார்கள். ஆகஸ்டில் தொடங்கியது, கோட்டை கைக்கு வந்தபோது டிசம்பர். 48 நாள் எங்கே, நான்கு மாதம் எங்கே!

நம் ஊரிலும் அவருடைய நிழல் விழுந்தது. பிரான்சுவா மார்த்தேன் கட்டிய லூயி கோட்டை, வோபான் பாணியில் அமைந்த தூர்நே கோட்டையை மாதிரியாக வைத்து எழுந்தது. ஐந்து கொத்தளம். 1706 ஆகஸ்ட் 25, புனித லூயி திருநாளன்று திறந்தார்கள். இன்று பாரதி பூங்காவைச் சுற்றி நடக்கிறவர்கள் அந்த இடத்தில்தான் நடக்கிறார்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் ஊர் விழுந்தது. மதில் உடைந்ததால் அல்ல, உள்ளே சாப்பாடு தீர்ந்ததால். பிறகு கோட்டையை அடியோடு இடித்துவிட்டார்கள்.

வோபானின் எண்ணும் பழக்கம் கோட்டையோடு நிற்கவில்லை. 1686-இல் குடிக்கணக்கு எடுப்பதற்கு ஒரு முறை எழுதினார். ஆண், பெண், பையன், பெண்பிள்ளை, வேலைக்காரர் என்று கட்டம் கட்டின படிவம். ஒரு பெண்பன்றியின் வம்சம் பத்துத் தலைமுறையில் எவ்வளவு பெருகும் என்றுகூடக் கணக்குப் போட்டார். அறுபது லட்சத்தைத் தாண்டியது விடை. சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சிரிப்பல்ல, ஏழை வீட்டில் இறைச்சி கிடைக்குமா என்பதுதான் கேள்வி. 1685-இல் லூயி புரோட்டஸ்டன்ட் மக்களின் வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது, நாலு வருடம் கழித்து, அவர்களைத் திரும்ப அழையுங்கள் என்று மனு எழுதினார். நாட்டை விட்டுப் போனவர்கள் இத்தனை ஆயிரம், அவர்களில் மாலுமிகள் இவ்வளவு, சிப்பாய்கள் இவ்வளவு, போன பணம் இவ்வளவு என்று வரிசையாக. தயவு காட்டுங்கள் என்று கெஞ்சினால் அரசன் கேட்க மாட்டான், நஷ்டக் கணக்காவது காதில் விழுமா என்று பார்த்திருக்கிறார். விழவில்லை.

நாற்பது வருடம் பல்லக்கில் நாடு சுற்றியவர், கோட்டைக்கு வெளியே இருப்பவர்களையும் பார்த்தார். ஜனங்களில் பத்தில் ஒரு பங்கு பிச்சை எடுக்கிறது. மீதி ஒன்பதில் ஐந்து பங்கு பிச்சை போடக்கூட வக்கில்லாதது. அடுத்த மூன்று பங்கு கடனில் தத்தளிக்கிறது. அவர் எழுதியது இது. கோட்டைக்கான பணம் இவர்களிடமிருந்துதான் வந்தது, பிரபுக்களும் குருமாரும் பெரும்பாலும் வரிவிலக்குப் பெற்றவர்கள். ஆகவே பழைய வரிகள் பலவற்றை எடுத்துவிட்டு, எல்லோரும், விதிவிலக்கே இல்லாமல், வருமானத்தில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குவரை கொடுக்கட்டும் என்று ஒரு புத்தகம் எழுதினார். 'டீம் ருவாயால்', அரசனுக்கான தசமபாகம்.

அனுமதி வாங்காமல் அச்சிட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். 1707 தொடக்கத்தில் அரசவை அதைத் தடை செய்து, பிரதிகளைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. மார்ச் 30-இல், எழுபத்து மூன்று வயதில், பாரிசில் இறந்தார். அரசனின் கோபத்தால் மனமுடைந்து செத்தார் என்று சேன்-சிமோன் பிரபு எழுதி வைத்தார். நான் அதை அவ்வளவாக நம்பவில்லை. அந்த வயதில், வாழ்நாள் முழுவதும் குளிரிலும் சேற்றிலும் அலைந்த நெஞ்சுக்குச் சாவதற்குத் தனிக் காரணம் தேவையில்லை. நூறு வருடம் கழித்து நெப்போலியன் அவர் இதயத்தை எடுத்துவந்து இன்வாலிட் மாளிகையில் வைத்தான்.

1710-இல் போர்ச் செலவு தாங்காமல் லூயி புதிதாக ஒரு வரி போட்டான். எல்லோருடைய வருமானத்திலும் பத்தில் ஒரு பங்கு. பழைய வரிகளை எடுக்கவில்லை.