எழுதாமல் விட்ட பேப்பர்

2013 நவம்பரில் ஐந்தாவது செமஸ்டர் தேர்வு. 'டிசைன் ஆஃப் மெஷின் எலிமென்ட்ஸ்' பேப்பரை நான் வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். கேள்வித்தாள் கடினமாக இல்லை. தேர்வறைக்குள் கொண்டுபோக அனுமதியுள்ள பி.எஸ்.ஜி. டேட்டா புக் எதிரில் கிடந்தது. ஷாஃப்ட்டின் விட்டம் கண்டுபிடிக்கச் சொல்லி 16 மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்கு. எனக்குத் தெரிந்த கணக்குதான். சூத்திரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். இரண்டு மதிப்பெண் கேள்விகளில் சிலவற்றுக்கு ஒப்புக்கு ஏதோ எழுதிவிட்டு, பேனாவை மூடி வைத்து, வெளியே விடும் நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

மெக்கானிக்கல் எனக்கானதல்ல, வரலாறுதான் படிக்க வேண்டும் என்பது அதற்கு முன்பே தெளிவாகிவிட்டது. அதை வீட்டில் சொல்ல எனக்குத் துணிவில்லை. அரியர் ஏறிக்கொண்டே போனால் 'இவனுக்கு இது வராது' என்று அப்பா அம்மாவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள், நான் வாய் திறக்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன். திட்டம் போட்டே தோற்றேன்.

என்னைப் பொறியியலில் யாரும் பிடித்துத் தள்ளவில்லை. தள்ளினார்கள் என்று நண்பர்களிடம் பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அது பொய். 2011இல் கவுன்சலிங் அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில்தான் நடக்கும். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் எண்கள் குறைந்துகொண்டே வரும். "உனக்கு எது புடிக்குதோ அதை எடுடா" என்றுதான் அப்பா சொன்னார். வெளியே காத்திருந்தவர்கள் எதற்கு அலைமோதினார்களோ அதையே எனக்குப் பிடித்ததாக நம்பி, மெக்கானிக்கலைக் காட்டினேன்.

வரலாறு பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளின் முன் நின்று, ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லையே என்று தவித்த நாள்களில் தொடங்கியது. வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டூர்புரத்தில் இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போவேன். அந்த நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக வந்த அறிவிப்பு நீதிமன்றத் தடையில் நின்றிருந்த காலம் அது. கல்வெட்டுத் தொகுதிகள், நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு என்று பொழுது போவதே தெரியாது. அந்த ஆசை உண்மையானது. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

வழி இல்லாமலும் இல்லை. பி.இ. மூன்றாம் ஆண்டில் இருப்பவன் அப்படியே பி.ஏ. வரலாற்றுக்கு மாறிக்கொள்ள நம் ஊரில் இடமில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு வெளியே வந்து, முதலாம் ஆண்டிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பி.இ.யை முடித்துவிட்டு எம்.ஏ. வரலாறு சேரலாம், எந்தப் பட்டம் பெற்றவரும் சேரக்கூடிய படிப்பு அது. ஆனால் இளங்கலை ஒன்று, முதுகலை வேறொன்று என்றால் 'கிராஸ் மேஜர்' ஆகிவிடும். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைக்கு டி.ஆர்.பி. அதை ஏற்காது. முதல் வழியில் வருடங்கள் போகும், இரண்டாவதில் அந்த வேலைக்கான கதவு மூடும். இவ்வளவும் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான், இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்காமல் காலத்தைக் கடத்தினேன்.

அம்மா அழுதபோது ராமானுஜனை இழுத்தேன். பச்சையப்பன் கல்லூரியில் படித்து 1907இல் எஃப்.ஏ. தேர்வில் அவர் தவறவில்லையா என்று கேட்டேன். அவர் மற்ற பாடங்களில் தவறியதற்குக் காரணம், கணிதம் அவரை முழுதாக எடுத்துக்கொண்டதுதான். எனக்கு ஷாஃப்ட் கணக்கும் தெரிந்திருந்தது, வரலாற்றை ஒரு பாடமாக ஒழுங்காகப் படிக்கவும் தொடங்கியிருக்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி அம்மாவின் வாயை அடைத்ததற்கு வெட்கப்படுகிறேன்.

எனக்குப் பொருந்தியிருக்க வேண்டியவர் அப்துல் கலாம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்த பிறகுதான் இயற்பியல் தன் பாடமல்ல என்று அவருக்குப் புரிந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவை. அவருடைய அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். 'அக்னிச் சிறகுகள்' படித்த எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். பள்ளியில் இதைப் பேச்சுப்போட்டியில் பேசியவன் நான். அக்கா நகையைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன்னால், தம்பி தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இதுவரை சொன்னதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடலாம். அடுத்தது அப்படியல்ல. ரிசல்ட் வந்ததும் அப்பா நிலைகுலைந்துபோனார். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்தவர் அவர். "பேப்பர் சரியாத் திருத்தியிருக்க மாட்டாங்க, ரீவேல்யூவேஷன் போடு" என்று சொல்லி, மந்தைவெளி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நோட்டுகளை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிக் கொடுத்தார். விண்ணப்பித்தால் முதலில் விடைத்தாளின் போட்டோகாப்பி வரும். வெற்றுத் தாள்களை அவர் பார்த்துவிடுவார். அதனால் நான் விண்ணப்பிக்கவே இல்லை. அந்தப் பணத்தில் லஸ் நடைபாதைக் கடையில் பழைய வரலாற்றுப் புத்தகங்களை வாங்கினேன். சில வாரம் கழித்து, "நோ சேஞ்ச்னு வந்திருச்சுப்பா" என்றேன். அவர் நம்பினார். அடுத்த செமஸ்டரிலும் இதே நாடகம் நடந்தது, அப்போதும் நம்பினார்.

நான் எதிர்பார்த்தது மட்டும் நடக்கவில்லை. 'இவனுக்கு இது வராது' என்று அவர்கள் முடிவுக்கு வரவே இல்லை. பையன் நன்றாகத்தான் எழுதுகிறான், திருத்துகிறவர்கள்தான் சரியில்லை என்ற முடிவுக்கு அப்பா வந்தார். என்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

பட்டத்தை முடிக்க ஏழு வருடம்தான் கெடு. அது நெருங்கிய பிறகுதான் உட்கார்ந்து படித்து அரியர்களை முடித்தேன். எம்.ஏ. வரலாறும் முடித்தேன். இப்போது ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன், வேலை பிடித்திருக்கிறது.

போன ஆவணியில் தியாகராய நகரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இவன் பேப்பரைத் திருத்தினவங்க செஞ்ச அநியாயம்" என்று உறவினர் ஒருவரிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். வயது எழுபதை நெருங்குகிறது, குரலில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. மறுநாள் காலை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பணத்தைப் பற்றியும்.

புத்தகங்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தக் கணக்கெல்லாம் உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சும் எழுதலையா?"

"ஆமாம்ப்பா. உங்ககிட்ட நேரா சொல்ல பயந்துகிட்டு எழுதல" என்றேன்.