25 மில்லிக்குக் கீழே

கல்லூரிக்குக் கொடுத்த விடுப்புக் கடிதத்தில் குடலிறக்க அறுவை சிகிச்சை என்று எழுதினேன். பொய்யில்லை. தொப்புளுக்கு மேலே ஒரு குடலிறக்கம் இருந்தது, அதைத் தைத்தார்கள். அதோடு, இரட்டைப் பிள்ளைகளைச் சுமந்ததில் நான்கு விரல் அளவுக்கு விலகிப்போயிருந்த வயிற்றுத் தசைகளை இழுத்துச் சேர்த்தார்கள். தொங்கிய தோலையும் கொழுப்பையும் அறுத்தெடுத்தார்கள். மருத்துவத்தில் இதற்கு அப்டாமினோபிளாஸ்டி என்று பெயர். விளம்பரத்தில் டம்மி டக். கடிதத்தில் அந்தப் பகுதியை விட்டுவிட்டேன்.

காப்பீட்டுக்காரர்களும் என் உடம்பை இப்படித்தான் பிரித்தார்கள். குடலிறக்கத்துக்குப் பணம் உண்டு, மற்றது அழகு சிகிச்சை, அதற்குக் கிடையாது. ஒரே மேசை, ஒரே மயக்கம், இரண்டு பில்.

மறைத்ததற்குப் பெரிய காரணம் ஒரு கவிதை. பிரசவ வரிகளைப் பற்றி நான் எழுதியது. கூட்டங்களில் அதைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். ஆலிலை வயிறு என்று பாடிவைத்த புலவர்களோடு சண்டை பிடிக்கிற கவிதை. அதை எழுதியவளே, அந்த வரிகள் ஓடிய தோலை வெட்டி எறியச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள் என்று எப்படிச் சொல்வது? திருச்சி வெயிலில் மடிப்புக்குள் வேர்த்து வேர்த்துப் புண், ஒரு மணி நேரம் நின்று பாடம் நடத்தினால் முதுகுவலி, டவுன் பஸ்ஸில் “எத்தனை மாசம்மா?” என்று எழுந்து இடம் கொடுக்கும் பெரியவர் (உட்கார்ந்துகொள்வேன், அது வேறு விஷயம்) என்று காரணங்கள் இருந்தன. கண்ணாடியும் ஒரு காரணம்தான். அதை மட்டும் எனக்கு நானே மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டேன்.

“மூணு பெத்த வயிறுடி இது. நான் அறுத்துக்கிட்டேனா?” என்றார் அம்மா. பதில் சொல்லவில்லை. அவருக்கும் அந்த முதுகுவலி உண்டு என்பது எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது அடிவயிற்றின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் இறங்கியது. முனையில் சின்னத் துருத்தி போன்ற பிளாஸ்டிக் குப்பி. அதை அமுக்கி மூடினால் விரியும்போது உள்ளே ஊறும் நீரை இழுத்துக்கொள்ளும். தோலைத் தசையிலிருந்து பிரித்துத் தூக்கி மறுபடி கீழே இழுத்து ஒட்டவைப்பதால் நடுவே இடைவெளி உண்டாகிறது, அதில் நீர் கோத்துக்கொள்ளாமலிருக்கத்தான் இந்தக் குழாய்கள். தொப்புள் தன் காம்போடு பழைய இடத்திலேயே இருக்கும், கீழே இறக்கிய தோலில் அதற்குப் புதிதாக ஒரு துளை போடுவார்கள். நீர்ச்சுழி என்று புலவர்கள் உவமை சொன்ன இடத்தில் எனக்குக் கறுப்பு நூல் தையல்.

நான்காம் நாள் இரண்டு குப்பிகளோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா வந்து தங்கினாள். குப்பிகளை ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டாள். வயிற்றுத் தையல் இழுக்கக்கூடாது என்பதால் கூன் போட்டுத்தான் நடக்க வேண்டும். மஞ்சப்பையோடு குனிந்து நடக்கும் என்னைப் பார்த்து, “ரேஷன் கடைக்கா?” என்று கேட்டு அவளே சிரிப்பாள். எனக்குச் சிரிக்க முடியாது, வலிக்கும். குழாய் அடைக்காமலிருக்க, தோலருகே ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கீழ்நோக்கி உருவிவிட வேண்டும். ஊரில் மாடு கறந்த கை அவளுடையது. நர்ஸைவிட நன்றாகச் செய்தாள்.

காலையும் மாலையும் அளந்து எழுதினோம். என் பழைய வருகைப்பதிவேட்டின் பின்பக்கம் அதற்கு உதவியது. முதல் நாள் வலது 110, இடது 90. ரத்தச் சிவப்பு. பிறகு 70, 60. ரோஸ் நிறம். பிறகு வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி மஞ்சள். ஒரு குழாயில் ஒரு நாள் முழுக்க 25 மில்லிக்குக் கீழே வந்து, அது இரண்டு நாள் அப்படியே நின்றால் எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிலர் 30 என்பார்களாம். 28 வந்த அன்று நான் அழுதேன். மூன்று மில்லிக்காக.

எட்டாம் நாள் இடது குழாய். போவதற்கு அரை மணி முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சிஸ்டருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முதலில் குப்பியின் மூடியைத் திறந்து இழுவையை விட்டார். குழாயைத் தோலோடு பிடித்திருந்த நூலை வெட்டினார், எறும்பு கடித்த மாதிரி. “மேடம், மூச்சை நல்லா இழுங்க. இப்ப மெதுவா விடுங்க.” விடும்போது உருவினார்.

அதை வலி என்று சொல்ல எனக்குத் தயக்கம். உள்ளே எங்கோ, நான் நினைத்தே பார்க்காத தூரத்தில், தொப்புளுக்குப் பக்கத்திலிருந்து ஏதோ ஊர்ந்து கிளம்பியது. தோலுக்கு வெளியே தெரிந்தது மட்டும்தான் குழாய் என்று ஒரு வாரமாக நம்பியிருந்தேன். உள்ளே ஒரு சாணுக்கு மேல் இருந்திருக்கிறது, நெடுகச் சின்னச் சின்ன ஓட்டைகளோடு. வாய் அருகே வந்தபோது சுரீரென்று எரிந்தது. அவ்வளவுதான். ஐந்தாறு நொடி. “முடிஞ்சிருச்சு” என்றபோது நான் இன்னும் மூச்சை விட்டுக்கொண்டிருந்தேன். உடனே எழுந்து உட்காரப் போய்க் கண் இருட்டியது. அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. பத்து நிமிடம் படுத்துத்தான் எழ வேண்டும்.

அந்தத் துளையைத் தைப்பதில்லை. பஞ்சு வைத்துக் கட்டுவதோடு சரி. அன்று ராத்திரி நைட்டி நனைந்து பயந்தோம். ஓரிரு நாள் கசிவது வழக்கம்தானாம். காய்ச்சல், சிவந்து பரவுவது, நாற்றம், வயிறு திடீரென்று உப்புவது, இதில் எது வந்தாலும்தான் உடனே கூப்பிட வேண்டும். பதினோராம் நாள் வலது குழாய். எனக்கு எல்லாம் தெரிந்திருந்ததால் அது இன்னும் கொஞ்சம் அதிகம் எரிந்தது.

ஒரு வாரம் கழித்து, படுக்கையில் புரண்டால் வயிற்றுக்குள் இளநீர் குலுங்குவதுபோல் இருந்தது. நீர் கோத்திருக்கிறது என்று ஊசி போட்டு 60 மில்லி எடுத்தார்கள். ஊசி குத்தியதே தெரியவில்லை. தொப்புளுக்குக் கீழே தோல் மரத்துப்போயிருந்தது. மாதக்கணக்கில் அப்படி இருந்தது. குளிக்கும்போது என் கைக்கு வயிறு தெரிந்தது, வயிற்றுக்குக் கை தெரியவில்லை.

கல்லூரிக்குத் திரும்பியபோது, இறுக்கிக் கட்டிய பெல்ட்டுக்கு மேல் புடவை. “ஹெர்னியாக்கப்புறம் மெலிஞ்சுட்டீங்க மேடம்” என்றார்கள். சிரித்து வைத்தேன். மார்ச்சில் ஒரு மகளிர் தினக் கூட்டத்தில் அந்தக் கவிதையைக் கேட்டார்கள். வாசித்தேன். கைதட்டினார்கள். கழிப்பறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம், வேதியியல் துறை மேடம் ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு ஆபரேஷன் ஆனபோது வீட்டுக்கு வந்து பார்த்தவர்.

“மேடம், எனக்குத் தேதி குடுத்துட்டாங்க. அந்த டியூப் எடுக்கும்போது ரொம்ப வலிக்குமா?”

“எந்த டியூப்?”

“உங்க மஞ்சப்பைல இருந்துச்சே. என் தங்கச்சி நர்ஸு மேடம். சாதாரண ஹெர்னியாவுக்கு அத்தனை நாள் ரெண்டு ட்ரெயின் வெக்க மாட்டாங்கன்னு அன்னிக்கே சொன்னா.”

ஒன்றரை வருடம் அவர் தெரிந்தே மெலிந்துவிட்டீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சோறு ஆறியது. மூச்சை விடும்போது உருவுவார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். ஐந்தாறு நொடி, உடனே எழக்கூடாது, மாற்று நைட்டி கொண்டுபோங்கள், முன்பக்கம் பட்டன் வைத்தது. கண்ணாடியைப் பற்றியும் சொன்னேன். கவிதையைப் பற்றியும்.

“வரியெல்லாம் போயிடுச்சா?” என்று கேட்டார்.

“தொப்புளுக்கு மேல கொஞ்சம் இருக்கு. கீழ இறக்கித் தெச்சிருக்காங்க.”

வீட்டுக்குப் போய் அந்த மஞ்சப்பையைத் தேடினேன். அக்கா அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். துவைத்துக் காயவைத்து மறுநாள் எடுத்துப்போய்க் கொடுத்தேன்.