மறுமொழி

தில்லியில் பணிபுரியும் தமிழர் ஒருவரிடம் பழைய ஒலிநாடா ஒன்று இருந்தது. 1994ஆம் ஆண்டு, வேலை கிடைத்து அவர் தில்லிக்கு வந்த புதிதில், எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய தாயார் கடிதத்திற்கு மாற்றாகத் தம் குரலைப் பதிவு செய்து அனுப்பிய நாடா அது. தாயார் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நாடாவை ஒலிக்கச் செய்யும் கருவியோ வீட்டில் இல்லை. எனவே பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றை இணையத்தில் தேடத் தொடங்கினார்.

1963ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட் நாடா ஒரு காலத்தில் வீடுதோறும் ஒலித்தது. அதை இயக்கிய கருவிகள் பல இன்று பரணில் உறங்குகின்றன. கருவியின் உள்ளே சக்கரங்களைச் சுழற்றுவது மெல்லிய ரப்பர் பட்டை. நெடுங்காலம் கிடந்தால் அது தளர்ந்துவிடும். சில வேளைகளில் பிசின்போல் இளகி ஒட்டிக்கொள்ளும். அப்போது குரல் இழுபடும். நாடா சிக்கி அறுந்துபோகவும் கூடும். இருப்பது ஒரே நாடா. ஆகவே, "கருவி ஓடுகிறதா? பட்டை மாற்றப்பட்டதா?" என்று விற்பவர்களிடம் தவறாமல் கேட்டார்.

முதலாமவர் செய்தியைப் படித்ததற்கான நீலக் குறி தெரிந்தது, மறுமொழி வரவில்லை. இரண்டாமவர் ஐந்நூறு ரூபாய் முன்பணம் பெற்றுக்கொண்டு மௌனமானார். மூன்றாமவர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். மெட்ரோவில் ஒரு மணி நேரம் பயணம் செய்து சென்றபோது, அவருடைய கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது.

"'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்று வீடு திரும்பியவர் மனம் வருந்தினார்.

இறுதியில், செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் சந்தைக்கு நேரில் சென்றார். அங்கே முதியவர் ஒருவர் பழைய கருவி ஒன்றுக்குப் புதுப் பட்டை பூட்டி, ஓட்டிக் காட்டினார். "வேறொரு நாடாவை முதலில் போட்டுப் பாருங்கள். கோளாறு என்றால் கொண்டு வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்" என்றார்.

அன்றிரவு தாயாரின் குரல் அறையில் ஒலித்தது.

"ராசா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா?"

பிறகு மௌனம். நாடா சுழலும் ஓசை மட்டும் கேட்டது. கருவியின் இயல்பை அறியாத அந்தத் தாய், மகனின் விடைக்காகக் காத்திருந்திருக்கிறார்.

"அங்கே குளிர் அதிகமாமே?"

மீண்டும் மௌனம்.

"அப்பா, பாட்டிக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?" என்று மகள் கேட்டாள்.

"மணியார்டர் அனுப்பினேன்" என்றவர், அதற்குமேல் பேசவில்லை.

சற்று நேரம் கழித்துக் கைப்பேசியை எடுத்தார். மகளின் சிறிய மிதிவண்டியை ஒரு மாதத்திற்கு முன் அவரும் இணையத்தில் விற்பனைக்கு விட்டிருந்தார். அது மூன்றாம் நாளே விற்றுப்போயிற்று. அதன் பின்னர் விசாரித்த ஏழு பேருக்கு அவர் விடையளிக்கவே இல்லை. "வண்டி விற்றுவிட்டது. தாமதத்திற்குப் பொறுத்தருள்க" என்று ஒவ்வொருவருக்கும் எழுதினார்.

ஒருவரிடமிருந்து உடனே மறுமொழி வந்தது: "நன்றி ஐயா. மகள் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தாள். இனி வேறு வண்டி பார்க்கிறோம்."