ஃபிரெண்ட்ஷிப்: மருந்தை அளந்து சுடும் ஊர்

துப்பாக்கி என்றாலே நகைக்கடை வாசலில் நிற்கும் காவலர்தான் நமக்கு நினைவுக்கு வருவார். அந்தப் பழக்கத்தோடு ஃபிரெண்ட்ஷிப் போய் இறங்கினால் முதலில் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், சின்சினாட்டியிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும் தொலைவில், வயல்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் இது. குழல்வாய் வழியாக மருந்திடும் பழைய வகைத் துப்பாக்கிகளுக்கென்று 1933இல் தொடங்கிய தேசியச் சங்கத்தின் சுடுதளம் இங்கேதான் இருக்கிறது.

நான் போன அன்று, எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா புத்தம்புது ஃபிளிண்ட்லாக் ரைபிளைச் சோதித்துக்கொண்டிருந்தார். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீளக் குழல் துப்பாக்கியின் அதே வடிவம். மறுநாள் அதைச் சுடப்போவது அவரல்ல, பன்னிரண்டு வயதுப் பேரன். இந்தக் குழலுக்கு எவ்வளவு மருந்து பிடிக்கும் என்பதை அவர் அன்று மாலைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படைக்குப் போன வெடியுப்பில் பெரும்பகுதி பீகாரிலிருந்து கப்பலேறியது. தாத்தா மருந்தைக் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டவில்லை. உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் கொம்பே கையில் வெடித்துவிடும். சின்னப் பித்தளை அளவியில் 50 கிரெயின், அதாவது மூன்று கிராமுக்குச் சற்று அதிகம், அளந்து கொட்டினார். எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் ஈயக் குண்டைப் பொதிந்து, கோலால் அடிவரை தள்ளினார்.

விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும். கிண்ணியிலுள்ள துளி மருந்து ‘ஃபுஸ்’ என்று பற்றி, சிறு துளை வழியே உள்ளே நெருப்பு போன பிறகுதான் ‘டும்’. இடையே கண நேர இடைவெளி. அதுவரை துப்பாக்கி அசையவே கூடாது. (வானொலியில் அவ்வளவு நேரம் மௌனமாக இருந்தாலே எங்களுக்கு வேர்த்துவிடும்!) கிண்ணியில் மட்டும் பற்றி உள்ளே பற்றாமல் போவதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஃபிளாஷ் இன் த பேன்’ என்கிறார்கள்.

ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து குண்டுகள். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத்துணியால் குழலைத் துடைத்தார். அழுகிய முட்டை வாடை மூக்கைத் துளைத்தது. 50 கஜத் தொலைவிலிருந்த தாளில், 50 கிரெயினுக்கு ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டே போனார். 60இல் ஐந்தும் ஒரு டீ கிளாஸ் வாய்க்குள் அடங்கின. நான் கைதட்டிவிட்டேன். அவரோ நிறுத்தவில்லை. 70, 80 என்று ஏற்ற ஏற்ற, சத்தமும் தோளில் விழும் இடியும் கூடின. குண்டுகள் மறுபடி சிதறின.

“இன்னும் வேகமாகப் போனால் நல்லதில்லையா?” என்று கேட்டேன்.

பதில் சொல்லாமல் புல்லில் கிடந்த துணித்துண்டுகளைப் பொறுக்கிவந்து காட்டினார். 60இல் சுட்ட துணி ஓரத்தில் மட்டும் கருத்திருந்தது. 80இல் சுட்டது நடுவில் எரிந்து கிழிந்திருந்தது. “துணி கிழிந்தால் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். இவன் தோளும் தாங்காது” என்றார்.

தமிழில் இதற்கு ‘மருந்து’ என்று பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெட்டி மூடியின் உட்புறம் பென்சிலால் ‘60’ என்று எழுதிவிட்டு அளவியைப் பேரனிடம் நீட்டினார். பையன் அதைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, மேலே குவிந்திருந்த மருந்தை விரலால் வழித்துச் சமமாக்கினான். தாத்தா இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.