'ஊரகம்' என்னும் சொல்லும் ஒரு வீட்டுக்கடனும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், செல்மா நகருக்கும் மாண்ட்கோமரி நகருக்கும் இடையில் லவுண்ட்ஸ் கவுண்டி உள்ளது. 1965இல் வாக்குரிமை கோரிப் புறப்பட்ட நடைபயணம் இந்த மண்ணைக் கடந்தே சென்றது. அக்காலத்தில் வாக்காளராகப் பதிவு செய்துகொண்ட கறுப்பினக் குத்தகை உழவர்கள் பலரை நில உடைமையாளர்கள் வெளியேற்றினர். அவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரமடித்துத் தங்கினர். பிறர் நிலத்தில் குடியிருப்பவருக்கு வாக்குரிமையும் உறுதியன்று என்பதை அவ்வூர் அப்படித்தான் கற்றது. ஆகவே 'வீட்டுக்கடனுக்குத் தகுதி உண்டா?' என்னும் வினா அங்கே வெறும் வங்கிக் கணக்கு அன்று.

அக்கடனை வழங்குவது அமெரிக்க வேளாண் துறை. 1949ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் இதற்கு அடிப்படை. முதலில் உழவர்க்கு மட்டுமே உரியதாக இருந்த இத்திட்டம், 1961இல் ஊரகத்தில் வாழும் பிறருக்கும் திறந்துவிடப்பட்டது. சட்டத்தின் 502ஆம் பிரிவில் இருவகைக் கடன்கள் உள்ளன. ஒன்றில் வங்கி கடன் தரும். 90 விழுக்காடு வரை அரசு பிணை நிற்கும். முன்பணம் தேவையில்லை. குடும்ப வருமானம் அப்பகுதியின் இடைநிலை வருமானத்தில் 115 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மற்றொன்றில் அரசே நேரடியாகக் கடன் தரும். அது குறைந்த வருமானத்தார்க்கு உரியது. தவணைக் காலம் 33 ஆண்டுகள், சிலருக்கு 38. மானியம் சேர்ந்தால் வட்டிச் சுமை 1 விழுக்காடு வரை இறங்கும்.

ஆனால் வருமானத்துக்கு முன்பே நிற்கிறது ஒரு சொல்: ஊரகம். அதன் பொருளை 520ஆம் பிரிவு வரையறுக்கிறது. 2,500 பேருக்கு மேற்படாத ஊர் ஊரகம். 10,000 வரை உள்ள ஊர், 'ஊரகத் தன்மை' கொண்டதாயின் ஊரகம். 20,000 வரை உள்ள ஊர், பெருநகரப் புள்ளியியல் வட்டத்துக்கு வெளியே இருந்து, எளியோர்க்கு வீட்டுக்கடன் கிடைப்பது அரிதாகவும் இருந்தால் ஊரகம். இவற்றோடு ஒரு விதிவிலக்கும் உண்டு. முன்பு ஊரகமாக இருந்து பின்னர் வளர்ந்துவிட்ட ஊர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 35,000 மக்கள் வரை ஊரகமாகவே கொள்ளப்படும். 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் இச்சலுகையை 2030 கணக்கெடுப்பு வரை நீட்டியது.

ஒரே சொல்லுக்கு இத்தனை அளவுகோல்கள். எண் ஒன்று, இயல்பு ஒன்று, இல்லாமை ஒன்று, பழைய நினைவு ஒன்று. எல்லைக்கோடு வரைபடத்தில் முகவரி வாரியாக ஓடுவதால், தெருவின் ஒரு பக்கம் ஊரகமாகவும் மறுபக்கம் அல்லாததாகவும் அமைவதுண்டு. இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய விந்தை அன்று. 5,000 மக்கள்தொகை, ஆண் தொழிலாளரில் 75 விழுக்காட்டினர் வேளாண்மை சாராதவர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்று நகரத்தை வரையறுக்கும் இந்தியக் கணக்கெடுப்பு, எஞ்சியதை ஊரகம் என்கிறது.

லவுண்ட்ஸ் கவுண்டி முழுவதற்கும் 2020இல் மக்கள்தொகை பத்தாயிரத்துச் சொச்சமே. ஆயினும் புள்ளியியலில் அது மாண்ட்கோமரி பெருநகர வட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள ஊர்கள் மிகச் சிறியவை என்பதால் அந்தப் பட்டம் கடனைத் தடுப்பதில்லை. இடம் தகுதி பெறுகிறது. எளிய வருமானம் உடைய குடும்பமும் பெரும்பாலும் வருமான வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. தடை வேறிடத்தில் எழுகிறது.

முதல் தடை மண். அது கரிசல் மண்; ஒருகாலத்தில் பருத்தியால் செல்வம் கொழித்த நிலம். அந்தக் களி நீரை உறிஞ்சுவதில்லை. வழக்கமான கழிவுநீர்த் தொட்டி அங்கே பயன்படாது. மேடு கட்டி அமைக்கும் தனிவகை ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தை விழுங்கவல்லது. கடன் பெறும் வீட்டுக்கோ முறையான கழிவுநீர் வசதி இருந்தாக வேண்டும். இச்சிக்கல் குறித்து மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையோடு நடுவண் நீதித்துறை 2023இல் ஓர் உடன்பாடு செய்தது. 2025இல் அதே நீதித்துறை அதனைக் கைவிட்டது. 504ஆம் பிரிவின்கீழ் பழுதுபார்ப்புக் கடன் உண்டு. ஆனால் அது மிகக் குறைந்த வருமானத்தார்க்கு மட்டும். மானியமோ 62 வயது நிறைந்தவர்க்கே.

இரண்டாம் தடை பத்திரம். உயில் எழுதாமல் மூதாதையர் விட்டுச்சென்ற நிலம், பாகம் பிரியாமல் வழித்தோன்றல்கள் அனைவருக்கும் பொதுவாகிக் கிடப்பது தென்மாநிலக் கறுப்பினக் குடும்பங்களில் மிகுதி. அந்நிலத்தில் பிறந்து, அதற்கு வரி கட்டி, அங்கேயே முதுமை எய்தியவரிடமும் அடமானத்துக்கு ஏற்ற தெளிவான உரிமைப் பத்திரம் இருப்பதில்லை.

'தகுதி' என்னும் தமிழ்ச் சொல் தகுதல் என்பதிலிருந்து வந்தது. ஒருவரின் மதிப்பைச் சுட்டுவது. அதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் 'தேர்ந்தெடுத்தல்'. இரு மொழிகளிலும் அடை மனிதருக்கே சேர்கிறது. ஆனால் சட்டம் சோதிப்பது மனிதரை மட்டும் அன்று. ஊரின் தொகையை, மண்ணின் உறிஞ்சும் திறனை, இறந்த பாட்டனார் எழுதாமற்போன உயிலை என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. இவற்றுள் எது தவறினாலும் முடிவில் கடன் கிடைக்காமற்போவது விண்ணப்பதாரருக்கே.