பாட்டி போட்ட லெட்டர்

கதாநாயகி என்றால் நம்ம மனசில் ஒரு கணக்கு உண்டு. ஒன்று, பேரழகியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வில்லனைப் பறந்து பறந்து உதைக்க வேண்டும். 'ரொம்ப சாதாரணப் பொண்ணு சார்' என்று ஒரு தயாரிப்பாளரிடம் கதை சொல்லிப் பாருங்கள். நீட்டிய காபியைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

அப்படி ஒரு பெண்ணைத்தான் கல்கத்தா வானொலியில் கதாநாயகி ஆக்கினார் லீலா மஜும்தார். இத்தனைக்கும் அவர் சாதாரணம் இல்லை. 1908-ல் பிறந்தவர். சத்யஜித் ராய்க்கு அத்தை முறை. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம், பி.ஏ.விலும் எம்.ஏ.விலும் முதலிடம். சாந்திநிகேதனுக்கு வந்து பாடம் நடத்தச் சொல்லித் தாகூரே கூப்பிட்டார். போனார், சுமார் ஒரு வருஷத்தில் கிளம்பி வந்துவிட்டார். நமக்கு இன்டர்வியூ கார்டு வந்தாலே தெரு முழுக்கச் சொல்லுவோம்!

வானொலியில் தயாரிப்பாளராக ஏழெட்டு வருஷம் வேலை பார்த்தார். பெண்கள் நிகழ்ச்சியான 'மகிளா மஹால்' பகுதிக்காக அவர் எழுதியதுதான் 'மணிமாலா'. நடுத்தரக் குடும்பத்துப் பெண். பன்னிரண்டு வயதாகும்போது பாட்டி லெட்டர் போட ஆரம்பிக்கிறாள். பெண் வளர்கிறாள், கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது. பாட்டி விடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

இதில் என்ன பிரமாதம் என்கிறீர்களா? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1933-ல் லீலா, ஹார்வர்டில் படித்த பல் டாக்டர் ஒருவரைத் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டார். சொந்தக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அப்பா மட்டும் மகளைத் தலைமுழுகிவிட்டார். கடைசிவரை ஒட்டவே இல்லை.

நான் பி.காம். படித்தவன். வரவு ஒரு பக்கம் இல்லையென்றால் செலவை எங்கே எழுதுவது என்றுதான் என் புத்தி போகும். சொந்த வீட்டுப் பெரியவரிடமிருந்து ஒரு வார்த்தை வராத பெண், ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் லெட்டர் போடுகிற பாட்டியை உண்டாக்கியிருக்கிறார். இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது என் வேலைதான், அவர் சொன்னதல்ல. ஆனாலும் அந்தப் பேரேட்டைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வானொலியோடு அவர் நிற்கவில்லை. குழந்தைகளுக்கு வயிறு வலிக்கச் சிரிக்கிற மாதிரி கதைகள் எழுதினார். காணாமல்போன பெட்டியைத் தேடும் 'பதி பிஷிர் பர்மி பாக்ஷ' 1972-ல் சினிமாகவே வந்தது. 1963-லிருந்து 1994 வரை 'சந்தேஷ்' சிறுவர் பத்திரிகைக்குக் கௌரவ ஆசிரியர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று அர்த்தம், ஆபீஸ்காரர்களுக்கு விளக்க வேண்டாம்! 2007-ல், 99 வயதில் காலமானார்.

முதல் ராங்க் வாங்கியவர்கள் சாதாரண மனுஷர்களுக்குப் பொதுவாகத் தருவது அட்வைஸ். இவர் கதாநாயகி வேஷம் தந்தார்.

உங்கள் அக்கா வீட்டிலும் பன்னிரண்டு வயதில் ஒரு பெண் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நாலு வரி எழுதுங்களேன். ஃபார்வர்டு வேண்டாம், சொந்தமாக. முக்கியமாக, மார்க் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.